அடுப்படி தாண்டாத வெண்பா

எந்தப் பத்திரிகையும் என் வெண்பாவைப் போடவில்லை. சரி, நானே போட்டுக்கொள்கிறேன் என்று முடிவெடுத்தேன். அதுவும் அடுத்தவன் கம்ப்யூட்டரில் வாடகைக்கு அல்ல. சிலிபினில், என் சொந்த வீட்டில், அடுப்படி ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில், என் சொந்த சர்வரில்.

போட்டேன். கைப்பேசியில் தட்டினேன். வெண்பா வந்தது. கண் கலங்கிவிட்டது. உடனே லூமுட்டில் இருக்கும் நண்பன் கோகிலனைக் கூப்பிட்டேன்.

“ஒன்னும் வரல லா. சும்மா சுத்திக்கிட்டே இருக்கு,” என்றான்.

வீட்டு வைஃபையில் இருப்பவர்களால் மட்டும்தான் படிக்க முடியுமாம். வீட்டில் இருப்பது நானும் என் மனைவி நல்லம்மாளும். அவள் படிக்க மாட்டாள்.

“உடையப்பன்கிட்ட கேட்டா உடனே செஞ்சிருவான்,” என்றாள்.

உடையப்பன் அவள் தம்பி. ஜெலாப்பாங் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் வேலை. என் மகள் கல்யாணத்தில் நான் வாழ்த்துப்பா வாசிக்கும்போது, பந்திக்கு நேரமாகிறது என்று மைக்கை அணைத்தவன். அன்றே சொல்லிவிட்டேன், அவன் என் வாசற்படி மிதிக்கக் கூடாது. இரண்டு தீபாவளி தம்பி இல்லாமல் போயிற்று. நல்லம்மாள் மூக்கைச் சிந்தினாள். நான் அசையவில்லை. மானம் என்று ஒன்று இருக்கிறதே.

“அவன் பேரை எடுக்காதே.”

“சரிங்க. வேற ஆள் இருக்கு. என் போன்லதான் பேசும். மெசேஜ் மட்டுந்தான்.”

ஆள் கெட்டிக்காரர். இணையக் கம்பெனியிடம் வீட்டுக்கென்று தனி முகவரி கேட்கச் சொன்னார். வாங்கினேன். மோடத்தில் போர்ட் என்கிற கதவைத் திறந்து, வெளியிலிருந்து வருகிறவர்களைச் சர்வரிடம் அனுப்பச் சொன்னார். நல்லம்மாள் படிக்கப் படிக்க நான் தட்டினேன். அவள் சொன்னபடி நடப்பது எனக்குப் புதிதல்ல. காரணம் தெரிந்து நடந்தது அன்றுதான்.

“வந்திருச்சு லா,” என்றான் கோகிலன்.

மறுநாள் நல்லம்மாள் போனை நீட்டினாள். அந்த ஆளிடமிருந்து செய்தியாம். ‘அண்ணே, எல்லா வெண்பாவும் படிச்சேன். அழுதுட்டேன்.’

நானும் அழுதுவிட்டேன். இப்படிப்பட்ட ரசிகனுக்கு ஒரு வாய் சோறு போடாமல் விடலாமா?

“ஞாயித்துக்கெழமை சாப்பிட வரச் சொல்லு. ஆட்டுக்கறி எடு.”

“நீங்களே கூப்பிடுங்க, அதான் மரியாதை. இதுல பேசுங்க, உங்க குரல் அப்படியே அவருக்குப் போயிரும்.”

பேசினேன். உருக்கமாகவே பேசினேன்.

ஞாயிறு மதியம் கேட்டருகே உடையப்பன் நின்றான். நான் வாயைத் திறக்கும் முன் அவன் போனைத் தட்டினான். அதில் என் குரல்: ‘தம்பி, இது உங்க வீடு. நீங்க வராம நான் சோத்துல கை வைக்க மாட்டேன்.’

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் அழுதவன் ஆயிற்றே. பூட்டைத் திறந்தேன்.

“எந்த வெண்பாவுக்குப்பா அழுதே?”

“எந்த வெண்பா, மச்சான்?”

நல்லம்மாள் தம்பியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“போர்ட்டுக்கு வழி சொன்னது அவன். அழுதேன்னு மெசேஜ் அடிச்சது நாந்தாங்க. கைய கழுவிட்டு வாங்க.”