இளஞ்சேவலைச் சுடாத முருகையா

புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்து ஒட்டுக்கடையில், தே தாரே தேநீரில் ஈ விழுந்ததைக்கூடக் கவனிக்காமல், முருகையா ஒரு கொள்கையை அறிவித்தார். வான்கோழி வேட்டைக்குப் போகிறவன் இளஞ்சேவலைச் சுடக்கூடாது. நெஞ்சில் தாடி தொங்கும் கிழட்டுச் சேவலை மட்டும்தான் சுட வேண்டும். இளசை இன்றைக்கு விட்டால்தான் நாளைக்கு அது பெரிசாகும். இதை மீறுகிறவன் வேட்டைக்காரன் இல்லை, கறிக்கடைக்காரன்.

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மூன்று பேர். தோட்ட வேட்டைக்காரர் நலச் சங்கத்தில் அவரையும் சேர்த்து மொத்தமே நான்கு பேர்தான். ஆகவே அது பொதுக்கூட்டம்.

எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வான்கோழி வேட்டை எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்பது நியாயம். தோட்டத்து எல்லையில் ஒருவர் வான்கோழிப் பண்ணை வைத்தார். ஒரு நாள் புயல் காற்றில் கூரை பறந்தது. கூரையின் பின்னாலேயே கோழிகளும் பறந்தன. செம்பனைக்குள் புகுந்தவை அங்கேயே குடும்பம் நடத்தி, பேரன் பேத்தி எடுத்து, தோட்டத்தைத் தங்கள் பேரில் எழுதி வாங்கிவிட்டதைப் போலத் திரிய ஆரம்பித்தன. கீரைப் பாத்தியைக் கிளறின. மோட்டார் சைக்கிளைத் துரத்தின. ஒரு முறை வேலை வாங்கும் மண்டோரையே லோரியின் மேல் ஏற்றி உட்கார வைத்துவிட்டன. நிர்வாகம் கையெடுத்துக் கும்பிட்டு, லைசென்ஸ் துப்பாக்கி உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து சுட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது.

முருகையாவிடம் துப்பாக்கி இருந்தது. மரவள்ளியைத் தின்னும் காட்டுப்பன்றிகளைச் சுடுவதற்காக வாங்கியது. பன்றிகள் இன்றுவரை நலமாக இருக்கின்றன.

இந்த வான்கோழி இனத்தில் இளஞ்சேவல்கள் தனிக் கூட்டமாகத் திரியும். விவரம் போதாது. ஆளைக் கண்டால் ஓடாமல், யாரென்று பார்க்கக் கிட்டே வரும். சுடுவது சுலபம், கறியும் பஞ்சு மாதிரி. இதனால் சங்கம் இரண்டாக உடைந்தது. சின்னையா இளசைச் சுடலாம் கட்சி. இத்தனை பெட்டைக்கு இரண்டு பெரிசு போதும், இளவட்டம் குறைந்தால் தோட்டத்தில் சண்டை சச்சரவும் குறையும் என்பது அவர் வாதம். முருகையா சுடக்கூடாது கட்சி. இளசு என்ன, கிழடு என்ன, அவர் துப்பாக்கிக்கு இதுவரை ஒரு இறகுகூட உதிர்ந்ததில்லை என்பதை நட்புக்காக யாரும் பேசவில்லை. ஒன்றுமே மாட்டாத மனிதனுக்குக் கொள்கை ஒரு பெரிய சௌகரியம். வெறுங்கையோடு திரும்பினாலும் விரதத்தோடு திரும்பியதாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாத ஒரே இடம் வீடு. அங்கே மனைவி அன்பரசி இருந்தாள்.

திங்கள் முதல் சனி வரை தொழிற்சாலை ஆட்களை வேனில் ஏற்றி இறக்குவது முருகையாவின் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் 'அண்ணே, இங்க நிறுத்துங்க' என்ற குரல் காதில் விழாத நாள். அதற்காகவே அவர் உயிர் வாழ்ந்தார் என்று சொன்னால் மிகையில்லை. அன்பரசியோ கோயில் மாதர் குழுவின் தலைவி. குழுவிடம் வேன் இருந்தது. ஞாயிறுதோறும் ஒரு ஊர்க் கோயில் என்று உலு யாம், செரண்டா, ரவாங் வரை திட்டம் இருந்தது. ஓட்டுகிறவர் மட்டும் மூட்டுவலி என்று நின்றுவிட்டார். அன்பரசி கணவரிடம் நயமாகக் கேட்டுப் பார்த்தாள், பயமாகவும் கேட்டுப் பார்த்தாள். ஞாயிறு வேட்டை நாள் என்று முருகையா அடித்துச் சொல்லிவிட்டார். வேட்டை போனால் அவருக்கு ஞாயிறு போயிற்று. ஞாயிறு போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

ஒரு திங்கட்கிழமை சாப்பாடு பரிமாறும்போது அவள் பேச்சை எடுத்தாள்.

"வர்ற ஞாயித்துக்கெழம அண்ணன் செரண்டாவுலேர்ந்து வர்றாரு. வான்கோழிப் பெரட்டல் போடறேன்னு சொல்லிட்டேன்."

முருகையா கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார்.

"யாரக் கேட்டுச் சொன்ன?"

"வேட்டைக்காரரு பொண்டாட்டி வேற யாரக் கேக்கணும்? சங்கத்துக்குத் தலைவரே நீங்கதான."

"செயலாளரு."

"செயல்ல ஒண்ணு காட்டுங்க. கோழி கொண்டாந்தா ஞாயித்துக்கெழம பூரா உங்களுது, நான் இனிமே வாயத் தொறக்க மாட்டேன். கொண்டாராட்டி துப்பாக்கிய அலமாரியில வெச்சுப் பூட்டிட்டு நான் சொல்ற வேலையப் பாக்கணும்."

"ஒரு கோழிதான."

"கோழின்னா கிழட்டுச் சேவலு. தாடி தொங்கணும். எளசு கொண்டாந்தா கணக்குல சேராது."

"இது யாரு போட்ட சட்டம்?"

"நீங்க கடையில போட்டதுதான். கடைக்காரம்மா சொன்னாங்க."

தன் வாயால் கெடுமாம் தவளை. முருகையா மோரை ஊற்றிக்கொண்டு ஒப்புக்கொண்டார்.

ஞாயிறு விடிந்ததும் அவரும் சின்னையாவும் செம்பனை மட்டைக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். சின்னையா உள்ளங்கையைக் குவித்துப் பெட்டை வான்கோழி மாதிரிக் குரல் கொடுத்தார். கொடுத்த மாத்திரத்தில் இளஞ்சேவல் கூட்டம் கல்யாண வீட்டுக்கு வருவதுபோல வந்துவிட்டது. ஒன்று முருகையாவின் பூட்ஸ் கயிற்றை இழுத்துப் பார்த்தது. இன்னொன்று துப்பாக்கிக் குழலுக்குள்ளேயே எட்டிப் பார்த்தது. சின்னையா கண்ணால் கெஞ்சினார். முருகையா கொள்கை தவறாமல் வானத்தைப் பார்த்தார். உண்மையில் அவருக்கு அழுகை வந்தது. மச்சான் இந்நேரம் ரவாங் தாண்டியிருப்பார்.

கடைசியில் பெரியவர் வந்தார். வாய்க்கால் மேட்டில், தாடி முழங்காலைத் தொட, கோயில் தலைவர் கணக்காக நின்று நாலு பக்கமும் பார்த்தார். முருகையா குறி வைத்தார். குலதெய்வத்தை நினைத்தார். வழக்கம்போல இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு சுட்டார்.

கண்ணைத் திறந்தபோது பெரியவர் அங்கேயேதான் இருந்தார். முருகையாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவசரப்படாமல் மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிப் போனார். அவருக்கு நாலடி தள்ளி, என்ன சத்தம் என்று பார்க்க வந்த ஒரு இளஞ்சேவல் விழுந்து கிடந்தது.

சின்னையா அதைத் தூக்கிப் பார்த்து, எளசு என்றார். தான் சுட்டது பெரிசைத்தான், இது குறுக்கே வந்து விழுந்ததற்குத் தன் கொள்கை பொறுப்பாகாது என்று முருகையா வாதாடினார். சின்னையா பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல ஞாயம்லா. இதையே வீட்டுலயும் சொல்லுங்க."

முருகையா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பறவையின் நெஞ்சைத் தடவிப் பார்த்தார். தாடி என்று சொல்ல, அரும்பு மீசை அளவுக்கு ஏதோ குத்தியது. அவ்வளவுதான். அவர் முகத்தைப் பார்த்த சின்னையாவுக்கு இரக்கம் பிறந்தது. கட்சி வேறானாலும் சிநேகம் சிநேகம்தான். தவிர, சின்னையா திருவிழா நாடகங்களுக்கு வேஷம் கட்டிவிடுகிறவர். ஒட்டுமீசை வைக்காமல் அவர் யாரையும் மேடையேற்றியதில்லை. யமனுக்கே தாடி ஒட்டியவனுக்கு வான்கோழி எம்மாத்திரம் என்றார்.

அன்பரசி அண்ணனை பஸ் ஸ்டேஷனிலிருந்து அழைத்துவரப் போயிருந்தாள். வீட்டுக்குப் பின்பக்கமாக இருவரும் திருடர்கள் போல நுழைந்தார்கள். மயிருக்கு எங்கே போவது என்று தேடியதில், அலமாரியில் அவள் கல்யாணங்களுக்கு வைத்து முடியும் சவுரி கிடைத்தது. நுனியில் ஒரு சாண் போதும் என்று ஆரம்பித்த சின்னையா, கலை ஆர்வத்தில் முழுச் சவுரியையும் எடுத்துக்கொண்டார். மெழுகைத் தடவி விறைப்பாக்கி, பசை வைத்து, நெஞ்சில் ஒட்டி அழுத்தினார். ஒரு வருஷம்கூட ஆகாத சேவல் முனிவர் மாதிரி ஆகிவிட்டது. முருகையா அதைப் பார்க்கப் பார்க்க, தானே சுட்ட கிழடு அது என்று கொஞ்சம் நம்பவும் ஆரம்பித்தார்.

வாசலில் டாக்சி நின்றது. அன்பரசியின் அண்ணன் காளியண்ணன் இறங்கினார். பெரிய உருவம், பெரிய குரல், முருகையாவை எப்போதும் ஒரு சிரிப்போடு பார்க்கிறவர். இன்றைக்கு என்னவோ கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பறவையைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தி, தோளில் தட்டி, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். முருகையா வேட்டைக் கதையை எடுத்துவிட்டார். இந்தக் கிழம் எத்தனை துப்பாக்கிக்குத் தப்பியது, எப்படித் தன் கண்ணுக்குள் பார்த்தது, தான் எப்படி இமைக்காமல் சுட்டார் என்றெல்லாம் சொன்னார். இமைக்காமல் என்ற இடத்தில் சின்னையா வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, வேலை இருக்கிறது என்று புறப்பட்டுவிட்டார்.

அன்பரசி பறவையைத் தூக்கினாள். தலையைப் பார்த்தாள், தாடியைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள்.

"என்னா வயசு இருக்கும்?"

"மூணு. நாலுகூட இருக்கும்."

"சரி. அண்ணன் முன்னாடியே சொல்றேன். பந்தயத்துல நீங்க ஜெயிச்சிட்டீங்க. ஞாயித்துக்கெழம உங்களுது."

முருகையாவுக்குச் சந்தோஷத்தில் காது அடைத்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் ஜெயித்த முதல் பந்தயம் அது. இனி எத்தனை ஞாயிறு, எத்தனை காலை, எத்தனை மட்டைக் குவியல். அந்த வேகத்தில் தானே இறகு பறித்துத் தருவதாகச் சொன்னார். அன்பரசி விடவில்லை. அலைந்து வந்த மனுஷன், அண்ணனோடு பேசிக்கொண்டிருங்கள் என்று பறவையை உள்ளே எடுத்துப் போனாள். கொஞ்ச நேரத்தில் சமையலறையில் சுடுதண்ணீரை வாளியில் ஊற்றும் சத்தம் கேட்டது. மெழுகும் பசையும் சுடுதண்ணீரில் என்ன ஆகும் என்று முருகையாவுக்கு அப்போதுதான் தோன்றியது.

"ஏங்க, கொஞ்சம் உள்ள வாங்க."

போனார். பறவை பலகைமேல் மொட்டையாக, வயசு குறைந்து கிடந்தது. வாளியில் சவுரி மிதந்தது.

"இது என்னாங்க?"

"தாடி."

"தாடியில முடிச்சு போட்டிருக்கு."

முருகையா தரையைப் பார்த்தார். அவள் கத்துவாள் என்று காத்திருந்தார். அவள் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். எப்போது தெரியும் என்று மெல்லக் கேட்டார்.

"கையில எடுத்ததுமே தெரியும். சேவலுக்கு வயசத் தாடியிலயா பாப்பாங்க? கால் முள்ளப் பாக்கணும். பெரிசுக்கு வளைஞ்சு நீண்டிருக்கும். இதுக்கு இன்னும் மொளைக்கவே இல்ல."

"அப்ப ஏன் ஜெயிச்சிட்டேன்னு சொன்ன?"

"எனக்கு எளசுதான் வேணும். அண்ணன் பல்செட்டு கட்டி ஒரு மாசம்கூட ஆவல. கிழட்டுக் கறியக் குடுத்தா பல்லு கறியோடயே வந்துடும். எளசு கொண்டாங்கன்னு சொன்னா நீங்க கொள்கை பேசுவீங்க. கிழட்டுக்குக் குறி வெச்சா உங்களுக்கு எளசுதான் விழும். அதான் கிழடு கேட்டேன்."

"ஒண்ணுமே கெடைக்காம வந்திருந்தா?"

"பிரீசர்ல நாட்டுக்கோழி இருக்கு."

"நெசமாவே கிழட்டச் சுட்டிருந்தா?"

அன்பரசி கையை நிறுத்தி அவரைப் பார்த்தாள்.

"அதுக்கு நான் ஒண்ணும் ஏற்பாடு செய்யல."

முருகையாவுக்கு வலித்தது. சண்டை போடவும் வழியில்லை. ஞாயிறு என்ன ஆகும் என்று மட்டும் கேட்டார். அண்ணன் எதிரில் கொடுத்த வாக்கு வாக்குதான், மாறமாட்டேன் என்றாள் அவள். ஆனால் இந்தச் சவுரியை அண்ணனுக்குக் காட்டி, வேட்டை நடந்த விதத்தையும் சொல்லிவிடுவாள். அது வேண்டாமென்றால் அவரே ஞாயிற்றை வேண்டாமென்று சொல்லிவிடலாம். சாப்பிட்டு முடிக்கும்வரை யோசிக்க நேரம் கொடுத்தாள்.

பெரட்டல் அருமையாக வந்திருந்தது. காளியண்ணன் முதல் துண்டைப் பயந்து பயந்து கடித்தார். பிறகு பயம் தெளிந்து இலையையே பார்க்காமல் சாப்பிட்டார். கிழட்டுச் சேவல் இப்படி வெண்ணெயாக வேகுமா என்று வியந்தார். எல்லாம் இறக்குகிற பக்குவத்தில் இருக்கிறது என்றாள் அன்பரசி. சொல்லிவிட்டு, சவுரி கிடந்த சமையலறைப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

முருகையா தொண்டையைக் கனைத்தார். தன் இரண்டாவது கொள்கையை அறிவித்தார்.

"மச்சான், இதுதான் என் கடைசி வேட்ட. இந்த மாதிரி ஒரு பெரியவரச் சுட்ட கையால இனிமே துப்பாக்கி தூக்கறதா இல்ல. மிச்சம் உள்ளது பொழைச்சுப் போவட்டும்."

காளியண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. எலும்பை வைத்துவிட்டு முருகையாவின் கையைப் பிடித்துக்கொண்டார். தங்கைக்கு இப்படி ஒரு பெரிய மனசுக்காரர் வாய்த்ததை இத்தனை வருஷமாகத் தான் புரிந்துகொள்ளவில்லை என்றார். அந்த ஒரு நிமிஷம், தோற்றது மறந்து, முருகையாவுக்கே தன்மேல் மரியாதை வந்தது.

"ஆனா மாப்பிள்ள, ஞாயித்துக்கெழம சும்மா ஒக்காந்திருக்க முடியுமா? ஒடம்புக்கு ஆவாதுலா."

அன்பரசி அண்ணன் இலையில் இன்னொரு துண்டை வைத்தாள்.

"கோயில் வேன் ஓட்ட இவரு பேரத்தாண்ணே குடுத்திருக்கேன். பந்தயம் கட்டறதுக்கு மொத நாளே."