ஹயாத்து முகம்மதின் நீளமான கையெழுத்து

மனித குலத்தின் ஈடிணையற்ற சாதனை ஒப்பந்தம்தான். நெருப்பைக் கண்டுபிடித்தவன் கையைச் சுட்டுக்கொண்டான். சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் அதன் பின்னால் தானே ஓடினான். ஒப்பந்தத்தைக் கண்டுபிடித்தவன் மட்டும் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்தபடி அடுத்தவனை ஓடவைத்தான். இந்த உண்மையை 'வெண்துளி உப்பு உற்பத்தி மற்றும் மதிப்பேற்றல் தனியார் கம்பனி'யின் ஒப்பந்த இணக்க அலுவலர் என்ற பொறுப்புணர்ச்சியோடு இங்கே பதிவு செய்கிறேன்.

எங்கள் கம்பனி வருவதற்கு முன்னர் புத்தளம் களப்பு ஓரத்தில் நிலவிய காட்டுமிராண்டித்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு நடுங்கும். குறிஞ்சிப்பிட்டியில் ஹயாத்து முகம்மது என்றொருவர். ஒன்றரை ஏக்கர் உப்பளம், அதுதான் அவருக்கு எல்லாம். முந்தலிலிருந்து கிளைட்டன் என்ற வியாபாரி லொறி கொண்டுவந்து உப்பு ஏற்றுவார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம்; கிளைட்டனுக்கு அவர் 'நானா', அதாவது அண்ணன். அதற்கு ஆதாரமாக ஒரு துண்டுக் கடதாசிகூடக் கிடையாது.

"நானா, திங்கக்கிழம ஏத்தலாமா?"

"ஏத்தலாம், இன்ஷா அல்லாஹ்."

ஒப்பந்தம் முடிந்தது! முத்திரை இல்லை, பிரிவு இல்லை, உபபிரிவு இல்லை. மழை பெய்து உப்புக் கரைந்துவிட்டால் இருவரும் ஆளுக்கொரு பிளேன்டீ குடித்துவிட்டு, அடுத்த முறை பார்ப்போம் என்று பிரிவார்கள். கோரிக்கைக் கடிதம் போகாது, வழக்கு வராது. இப்படியே போனால் சட்டத்தரணிகளின் பிள்ளைகள் என்னத்தைச் சாப்பிடுவார்கள் என்று இருவரில் ஒருவர்கூட யோசித்ததில்லை.

இந்த இருளுக்குள்தான் கம்பனி பதினான்கு பக்க ஒப்பந்தத்தோடு நுழைந்தது. கற்பிட்டியில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் 'பங்காளர் கைகோர்ப்பு விழா'. கொழும்பிலிருந்து சட்டப் பிரிவுத் தலைவி மெலனி மேடம் நேரில் வந்திருந்தார். உப்பளக்காரர்களுக்கு ஆளுக்கொரு தொப்பி, ஒரு தண்ணீர்ப் போத்தல், 'உறுதிமொழி மனப்பாங்கு' குறித்து ஒரு மணித்தியாலப் பயிற்சி. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழில் விளக்கும் பொறுப்பு எனக்கு. பதினான்கு பக்கத்தையும் ஏழு நிமிஷத்தில் விளக்கினேன். புரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

ஹயாத்து முகம்மது மட்டும் பேனையைத் திறக்காமல் இருந்தார்.

"மகன், செப்டம்பர் பன்னெண்டாந் திகதி உப்பு குடுப்பேன்டு இதுல எழுதியிரிக்கா?"

"ஓம் மாமா."

"குடுப்பேன்டு மட்டுமா?"

"ஓம் மாமா, அவ்வளவுதான்."

அவர் பேனையைத் திறந்தார். பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் அரபு எழுத்தில் நிதானமாக ஏதோ எழுதி, அதன் பக்கத்தில் தன் பெயரையும் எழுதினார். நான் அருகிலேயே நின்றேன். குர்ஆன் ஓதக் கற்றுத்தரும் ஓதப்பள்ளியில் ஏழு வருஷம் இருந்தவன் நான். அவர் எழுதியது 'இன்ஷா அல்லாஹ்'. அல்லாஹ் நாடினால். நாளைக்குச் செய்யப்போகும் ஒன்றை அந்த வார்த்தை சேர்க்காமல் சொல்லி அந்த மனிதருக்குப் பழக்கமில்லை. பதினான்கு இடத்தில் வாக்குக் கேட்டோம், பதினான்கு இடத்திலும் சேர்த்துக் கொடுத்தார்.

"எவ்வளவு வடிவான கையெழுத்து!" என்று வியந்த மெலனி மேடம், பக்கத்துக்குப் பக்கம் அதன் கீழே தானும் கையெழுத்து வைத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. புரியாணிக்காகத்தான் அதைத் திறந்தேன்.

சொன்ன திகதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே ஹயாத்து முகம்மது உப்பை வாரி வரம்பில் குவித்துவிட்டார். ஆள் உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று ஆறு குவியல்கள். பன்னிரண்டாந் திகதி வந்தது. லொறி வரவில்லை. பதின்மூன்றாந் திகதி எனக்குத் தொலைபேசி வந்தது.

"மகன், லொறி வருதில்லயே?"

"மாமா, உங்கட லொறி நடைமுறையில இரிக்கி."

"நடைமுறையிலயா? றோட்டுல இல்லயா?"

வெளிநாட்டு உப்பு ஏற்றிய கப்பலொன்று வருகிறது, விலை இறங்கும் என்று கொழும்பில் ஒரு கதை. ஆகவே கம்பனி 'சந்தை நிலவரத்தை உன்னிப்பாக அவதானித்து' வந்தது. லொறியும் கராஜில் நின்றபடி அவதானித்தது. இது ஒப்பந்த மீறல் அல்லவா என்று விவரம் தெரியாதவர்கள் கேட்கக்கூடும். அல்ல. ஒன்பதாம் பிரிவின்படி உப்பளக்காரர் கொடுப்பது 'கடப்பாட்டுத் திகதி', கம்பனி கொடுப்பது 'எதிர்பார்ப்புத் திகதி'. வெறும் எதிர்பார்ப்பை மீற யாரால் முடியும்?

நான்காம் நாள் கிளைட்டன் வெறும் லொறியோடு வந்து இறங்கினார். மேற்பார்வைக்காக நானும் அங்கே நின்றேன்.

"நானா, வானத்தப் பாருங்க. இப்பவே ஏத்துவோம்."

"ஏலாது கிளைட்டன். கையெழுத்து வெச்சிட்டேன்."

"அவனுகள் வரல்லயே!"

"வராட்டி அது அவனுகள்ட வாக்கு. இது என்ட வாக்கு."

கிளைட்டன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு லொறியைத் திருப்பினார். நான் குறிப்பேட்டில் 'உப்பளக்காரரின் உறுதிமொழி மனப்பாங்கு: மிகச் சிறப்பு' என்று எழுதினேன். பயிற்சி வீண்போகவில்லை.

ஹயாத்து முகம்மதின் மனைவி றஹ்மத் உம்மாவுக்குத்தான் இந்த மனப்பாங்கு வாய்க்கவில்லை. குவித்த உப்பைத் தென்னோலைக் கிடுகால் மூடுவது அந்தப் பக்கத்து வழக்கம். அவர் கிடுகுகளைத் தலையில் சுமந்து வந்து இறக்கினார். நான் ஓடிப்போய்த் தடுத்தேன்.

"மாமி, மூட ஏலாது. ஆறாம் பிரிவு. பரிசோதகர் வந்து பாக்கும் வரைக்கும் உப்பு திறந்தபடி இரிக்கணும்."

"மழ வந்தா?"

"மழையப் பத்தி ஆறாம் பிரிவுல ஒண்டும் இல்ல மாமி."

"ஆறாம் பிரிவப் பத்தி மழைக்குத் தெரியுமா மகன்?"

"வையி புள்ள," என்றார் ஹயாத்து முகம்மது. "கையெழுத்து வெச்சபடி நடப்பம்."

கிடுகுக்கட்டு வரம்போரத்தில் வைக்கப்பட்டது. பரிசோதகர் வரவில்லை. இருபத்தோராந் திகதி மழைதான் வந்தது. மூன்று நாள் கொட்டித் தீர்த்தது. ஓய்ந்தபோது வரம்பில் சேறு மட்டும் இருந்தது. கிடுகுகள் கட்டுக் குலையாமல் பத்திரமாக இருந்தன.

கப்பல் வரவில்லை என்ற செய்தியும் அதே நாளில் வந்தது. விலை ஏறியது. பிற்பகலிலேயே கம்பனியின் லொறி எதிர்பார்ப்பை நிறைவேற்றியது. சாரதி சேற்றைப் படம் பிடித்து, 'சரக்கு ஒப்படைக்கப்படவில்லை' என்று படிவம் நிரப்பிக்கொண்டு போனார்.

அடுத்த கிழமை புத்தளத்தில் கம்பனிக் காரியாலயத்தில் 'நல்லிணக்கக் கலந்துரையாடல்'. பதினோராம் பிரிவு தெளிவானது: உப்பளக்காரர் ஒப்பந்தத்தை மீறினால் உப்பளம் மூன்று வருஷத்துக்குக் கம்பனியின் பாவனைக்கு. ஹயாத்து முகம்மது வெள்ளைச் சேட்டும் தொப்பியுமாக வந்து கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

"உப்பு எங்கே?" என்று கேட்டார் மெலனி மேடம்.

"அல்லாஹ் நாடல்ல, மிஸ்."

"அப்படிச் சொல்ல முடியாது. மழை, வெள்ளத்துக்கெல்லாம் 'கடவுளின் செயல்' என்ற பிரிவு இருக்கிறது. ஆனால் அது கம்பனியின் பாவனைக்கு மட்டும்."

"நானும் எழுதித்தானே தந்தேன் மிஸ். பதினாலு பக்கத்துலயும் இன்ஷா அல்லாஹ்ன்டு எழுதினேன். கீழ நீங்களும் கையெழுத்து வெச்சீங்க."

மெலனி மேடம் ஒப்பந்தத்தைப் புரட்டினார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், ஏழாம் பக்கம். முகம் கறுத்தது. அவர் கெட்டிக்காரி. அல்லாஹ் நாடினால் உப்புத் தருவேன் என்ற நிபந்தனைக்குப் பதினான்கு தடவை சம்மதித்துக் கையெழுத்து வைத்திருந்தால், மீறல் என்ற பேச்சுக்கே இடமில்லை. உப்பளம் அவருடையதாகவே இருக்கும்.

"இவர் சம்பந்தப்பட்ட தரப்பு," என்றார் மெலனி மேடம். "இவர் சொல்வதை ஏற்க ஏலாது. எங்களுக்கு ஒரு சுயாதீன வாசிப்பு வேண்டும்."

கம்பனியில் சம்பளம் வாங்கும் நானே சுயாதீனமானவன் என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

"றஸீன், உங்களுக்கு அரபு வாசிக்கத் தெரியும்தானே? இது நிபந்தனையா, இல்லாவிட்டால் கையெழுத்தின் ஒரு பகுதியா? அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள். உங்கள் பதவி உயர்வுக் கடிதமும் இந்த ஃபைலில்தான் இருக்கிறது."

ஹயாத்து முகம்மதின் முகத்தில் அப்போதுதான் நிம்மதி வந்தது. கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அவருக்குத் தெரியும் மிஸ். எழுதக்குள்ள பக்கத்துல நிண்டவர். நம்மட புள்ள."

நான் கடதாசியைக் கண்ணருகே பிடித்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தேன். ஓதத் தொடங்கிய வயதிலிருந்து வாயில் கிடக்கும் வார்த்தை அது. அன்று காலை வீட்டிலிருந்து புறப்படும்போதுகூட, மத்தியானம் வந்துவிடுவேன் என்று மனைவியிடம் அதைச் சேர்த்துத்தான் சொல்லியிருந்தேன்.

"கையெழுத்துத்தான் மேடம்," என்றேன். "கொஞ்சம் நீளமான கையெழுத்து."

ஹயாத்து முகம்மது சண்டை போடவில்லை. சத்தியம் பண்ணச் சொல்லவில்லை. எழும்பி, கதிரையைப் பழைய இடத்தில் தள்ளி வைத்தார்.

"சரி மகன்," என்றார். அவ்வளவுதான். அவர் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் இத்தனை நாளில் மறந்திருப்பேன்.

உப்பளம் இப்போது கம்பனியின் கையில் பாதுகாப்பாக இருக்கிறது. அதைக் கவனிக்கும் பிராந்தியப் பொறுப்பாளர் நான். விசாரணை அறிக்கையையும் நானே தயாரித்தேன். பிழை திருத்தி, பக்க எண் போட்டு, மூன்று பிரதி எடுத்தேன். லொறி அனுப்பாத கம்பனியின் பெயர் அதில் 'பாதிக்கப்பட்ட தரப்பு' என்ற கட்டத்தில் இருக்கிறது. 'ஒப்பந்தத்தை மீறியவர்' என்ற கட்டத்தில் ஹயாத்து முகம்மது என்று அழகாக எழுதினேன். அறிக்கை முழுவதிலும் அந்த ஓர் இடத்தில்தான் பிழை. மீறியவனின் பெயர் கடைசிப் பக்கத்தில், 'தயாரித்தவர்' என்ற சொல்லுக்கு நேரே இருக்கிறது.