இறுகினால் கூப்பிடும்

கேதீஸ்வரன் நோர்வேயிலிருந்து பண்டத்தரிப்புக்குத் திரும்பி வந்தபோது பெட்டிகளோடு ஒரு தீர்மானத்தையும் கொண்டுவந்தார். மிச்சக் காலத்தில் மனைவிக்கு ஒத்தாசையாக இருப்பது. அந்தத் தீர்மானத்தில் முதலில் அடிபட்டது கிணற்று மோட்டர்.

மோட்டர் இரைகிறது என்று அவருக்குப் பட்டது. கழற்றினார். கழற்றியதையெல்லாம் ஒரு சாக்கை விரித்து வடிவாக அடுக்கினார். திரும்பப் பூட்டினார். இரைச்சல் நின்றுவிட்டது. தண்ணீரும் நின்றுவிட்டது. அந்தக் கிழமை முழுக்கக் கத்தரிக்கும் வாழைக்கும் மனைவி பாலேஸ்வரி வாளியால் அள்ளி ஊற்றினாள். அதுதான் அவரைச் சுட்டது.

வீடு அவளுடைய சீதன வீடு. கல்யாணம் முடித்துச் சில வருசத்தில் அவர் ஒஸ்லோவுக்குப் போய்விட, கூரை மாற்றி, மதில் கட்டி, எல்லை வழக்குப் பேசி அவளே நடத்திய வீடு. அவர் இல்லாமல் ஓட அது பழகியிருந்தது. எல்லாப் பூட்டுக்குமான திறப்புக் கோர்வை அவள் இடுப்பில். வளவுக்குள் வரும் எவரும் "அக்கா நிக்கிறாவோ?" என்றுதான் அவரைக் கேட்பார்கள். நாய்கூட அவரைக் கண்டால், யாரோ வந்திருக்கிறார்கள் என்று உள்ளே அறிவிப்பதுபோல ஒருமுறை குரைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

ஒஸ்லோவில் அவர் இப்படிக் கிடந்தவரில்லை. ஒரு பெரிய அலுவலகத்தில் கணினி உதவிப் பிரிவு. நாள் முழுக்கத் தொலைபேசி அடிக்கும். கணினி அசையாமல் இறுகிவிட்டது, ஒருக்கா வா. அவர் போவார், இரண்டு பொத்தானை அமத்துவார், நன்றி வாங்கிக்கொண்டு வருவார். ஊரிலிருந்து பாலேஸ்வரி போன் எடுப்பதும் அந்த நேரத்தில்தான். "வேலையிலை நிக்கிறன், பேந்து எடுக்கிறன்" என்பார். பிறகு, பிறகு என்ற அந்தப் பேந்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒஸ்லோவிலிருந்து பண்டத்தரிப்புக்கே எட்டும்.

இப்போது அவரைக் கூப்பிட எவருமில்லை. கூப்பிடும்படி ஏதாவது செய்யவேண்டும் என்று அவர் யோசித்தது அப்போதுதான்.

பாலேஸ்வரிக்கு ஒரு தொழில் இருந்தது. ஊரில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருபவர்களுக்கு ஒரு நினைவுப் புத்தகம் கொடுப்பார்கள். கல்வெட்டு என்று பெயர். செத்தவரின் படம், தேவாரம், புலம்பல் பா, வம்சாவளி எல்லாம் அதில் வரும். அதை எழுதி அடித்து அச்சகத்துக்குக் கொடுப்பது அவள் வேலை. இவ்வளவு காலமும் சந்திக் கொம்பியூட்டர் கடையில் இருந்து அடித்தவள், கணவர் கொண்டுவந்த கணினியில் அடிக்கலாமே என்று கேட்டாள். கேதீஸ்வரனுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

கணினிக்குள்ளே இன்னொரு கணினியை உண்டாக்கும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. பெரிய குசினியின் மூலையில் பிள்ளைகள் சிரட்டையில் சோறு காய்ச்சி விளையாடுகிற மாதிரி. அடுப்பு இருக்கும், பானை இருக்கும், சட்டுவம்கூட இருக்கும். அதைத் திரை முழுக்க விரித்துவிட்டால், பார்ப்பவருக்கு அதுதான் கணினி. பின்னால் பெரிய குசினி இருப்பதே தெரியாது. அப்படி ஒன்றை அவளுக்குச் செய்தார். பந்தியில் பிடிக்காதவருக்குப் பாயாசம் விடுகிற அளவில் அதற்கு நினைவகம் விட்டார். கிழமைக்கு ஒருமுறையாவது இறுகவேண்டும் அல்லவா. முதல்நாள் இருந்த நிலையை அப்படியே பிடித்தும் வைத்துக்கொண்டார். ஒரு சொடுக்கில் எல்லாம் முதல்நாளுக்குத் திரும்பிவிடும்.

"இஞ்சேரும், உதிலை நீர் என்னவும் செய்யலாம். இறுகினால் மட்டும் என்னைக் கூப்பிடும்."

"ஏன் இறுகுது?"

"எந்தக் கொம்பியூட்டரும் இறுகும்."

"கடையிலை இருக்கிறது இறுகிறேல்லை."

"அது கடை. இது வீடு."

"அப்ப வீட்டிலை இருக்கிறதெல்லாம் இறுகுமோ?" என்று கேட்டுவிட்டுக் கிணற்றடிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

ஆனாலும் கூப்பிட்டாள். "இஞ்சேருங்கோ, இறுகிப்போச்சு." விறாந்தையில் பேப்பரை விரித்துக்கொண்டு அந்தக் குரலுக்கே காத்திருந்த கேதீஸ்வரன், உடனே எழும்பினால் மரியாதையில்லை என்று ஒரு பந்தியை வாசிப்பதுபோலப் பாவனை செய்து, பிறகு ஓடினார். "நீர் ஒரு தேத்தண்ணி போடும், நான் பாக்கிறன்." அவள் குசினிக்குப் போனதும் மூலைப் பொத்தானை அமத்துவார். அவளுடைய திரையில் நிற்கும் வயல்வெளிப் படம் சுருங்கும். பின்னால் அவருடைய நிசக் கணினியின் நோர்வேப் பனிமலை எழும்பும். அவளுடைய கோப்புகளைப் பத்திரமாக வெளியே எடுப்பார், முதல்நாளுக்குத் திருப்புவார், கோப்புகளை உள்ளே வைப்பார், திரையை விரிப்பார். தேத்தண்ணீர் வரும்போது நெற்றியைத் துடைப்பார்.

"என்னவாம் அதுக்கு?"

"வைரஸ். நல்ல காலம், நேரத்துக்குக் கூப்பிட்டீர்."

"நீங்கள் இல்லாட்டி என்ன செய்திருப்பன்" என்பாள். அந்த ஒரு வசனத்தைத் தின்றே அவர் ஒரு கிழமை இருப்பார்.

இப்படியே நல்லூர்த் திருவிழாவும் போய் மாரிமழையும் பிடித்தது. அப்போது பொன்னம்பலம் செத்தார். நாலு நாட்டில் பிள்ளைகள், ஊரெல்லாம் சொந்தம். அவருடைய வம்சாவளி ஆலமரம் மாதிரி விழுதுவிட்டது. ஒரு மருமகளின் பெயர் விடுபட்டால் அடுத்த அந்தியேட்டிவரைக்கும் கதை பேச்சு இருக்காது. பாலேஸ்வரி நாலு நாட்டுக்கும் போன் எடுத்து, விடிய எழும்பி, அழித்து அழித்து அடித்தாள்.

ஒருநாள் காலை கூப்பிட்டாள். அவர் போனார். கேத்திலில் ஏற்கெனவே தண்ணீர் கொதித்திருந்ததை அவர் அறியவில்லை. கோப்புகளை வெளியே எடுக்கமுன் வாசலில் செருப்புச் சத்தம். பனிமலை திரையில் நிற்கிறது. பதறிப்போய் அவர் அமத்தியது முதல்நாளுக்குத் திருப்புகிற பொத்தான். இப்போதுள்ளது எல்லாம் அழியும், சம்மதமா என்று மென்பொருள் கேட்டது. சம்மதம் என்றார். வாழ்க்கையில் பல சம்மதங்களை அவர் அந்த வேகத்தில்தான் சொல்லியிருக்கிறார்.

"பொன்னம்பலமண்ணையின்ரை கல்வெட்டு நிக்குதோ?" தேத்தண்ணீரை மேசையில் வைத்தபடி கேட்டாள்.

திரையில் வெறும் வயல்வெளி. ஒரு கொக்குக்கூட இல்லை.

"நிக்கும். கொம்பியூட்டருக்கு ஒரு சின்ன வருத்தம். பேந்து எடுத்துத் தாறன்."

"பேந்தோ" என்றாள். சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்தியேட்டிக்கு ஒரு கிழமைகூட இல்லை. கேதீஸ்வரன் தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தார். அழிந்தது அழிந்ததுதான். நினைவிலிருந்து அடிக்கலாம் என்று இருந்தார். 'அமரர் பொன்னம்பலம்' என்று அடித்தார். அதற்குப் பிறகு விரல் ஓடவில்லை. பக்கத்து ஒழுங்கை மனிதர். அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்றுகூடத் தெரியவில்லை. ஊருக்குத் திரும்பிவிட்டேன் என்று எல்லோருக்கும் சொல்லித் திரிந்த தனக்கு ஊரில் ஒருவரையும் தெரியாது என்பது அந்த வெறுந்திரைக்கு முன்னால்தான் அவருக்கு விளங்கியது.

செத்தவீட்டுக்கே போனார். கடைசி மகன் சுபாஸ் கதிரை போட்டான்.

"சுபாஸ், உம்மடை பெரியக்காவின்ரை மனுசனுக்கு என்ன பேர்?"

"அருட்செல்வன். ஏன் அண்ணை?"

"சும்மா. அறிஞ்சு வைக்கிறது நல்லதெல்லே. பிள்ளையள்?"

"ரெண்டு."

"பேர்?"

சுபாஸ் தன் கதிரையைச் சற்றுப் பின்னே இழுத்தான். "அண்ணை, உதெல்லாம் பாலேஸக்காட்டைக் குடுத்தாச்சு. அவவைக் கேளுங்கோவன்."

"அவவுக்கு வேலை."

"ஒரே வீட்டிலைதானே இருக்கிறியள்?"

அந்தக் கேள்வியோடுதான் அவர் வீட்டுக்கு நடந்தார்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தார். மத்தியானம் சாப்பாட்டில் தொடங்கினார்.

"பாலேஸ், ஒரு விசயம் சொல்லவேணும்."

"சொல்லுங்கோ."

"புளி கொஞ்சம் கூட."

"நாளைக்குக் குறைக்கிறன்."

பின்னேரம் துணிந்து மறுபடியும் தொடங்கினார். "நான் செய்தது பெரிய பிழை."

அவள் வெங்காயம் உரிப்பதை நிற்பாட்டி, நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்தாள். "என்னது?"

"உந்த மோட்டரைக் கழட்டினது."

"ஓ. அதோ" என்று குனிந்துகொண்டாள். ஏதோ ஒரு கதவைத் திறந்து வைத்திருந்து திரும்பச் சாத்தியது மாதிரி இருந்தது அவருக்கு.

அந்தியேட்டியன்று காய்ச்சல் என்று படுக்கப் பார்த்தார். அவளோ வேட்டியை ஸ்திரிபோட்டு வைத்துவிட்டாள். தூக்குமேடைக்குப் போகிறவர்போலப் போய்ப் பந்தலில் ஒரு மூலையில் இருந்தார். வெறுங்கையோடு நிற்கப் போகிறவள் தன் மனைவி என்று பந்தல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது தாம்பாளத்தில் புத்தகங்கள் வந்தன. அவர் மடியிலும் ஒன்று விழுந்தது.

அட்டையில் பொன்னம்பலம் சிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே தேவாரம், புலம்பல், வம்சாவளி. பெரியக்கா, அருட்செல்வன், அவர்களின் இரண்டு பிள்ளைகள். ஒரு விழுது குறையவில்லை. கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில்: கணினி எழுத்து, திருமதி பாலேஸ்வரி கேதீஸ்வரன்.

முதலில் மூச்சு வந்தது. பிறகு யோசனை வந்தது. சிரட்டையில் காய்ச்சிய சோறு கொட்டுப்பட்டுப்போனது. அப்படியென்றால் இந்தப் பந்திக்குச் சோறு எந்தக் குசினியிலிருந்து வந்தது? கடித்த வடையை இலையில் திரும்ப வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். "கல்வெட்டு எப்பிடி வந்தது?"

"அடிச்சதுதான் வந்தது."

"எதிலை அடிச்சனீர்?"

"பனிமலையிலை."

கேதீஸ்வரன் கதிரையில் இருந்தார்.

"தொடக்கத்திலை ஒருநாள் நீங்கள் தெல்லிப்பழைக்குப் போக, கரண்ட் போய் வந்தது. கொம்பியூட்டர் பாஸ்வேர்ட் கேட்டுது. நீங்கள் அதைத் தட்டேக்கை வாயாலையும் சொல்லிக்கொண்டெல்லே தட்டுறனீங்கள். போட்டன். வயலைக் காணேல்லை, பனிமலை நிக்குது. எங்கடை வளவிலை எங்காலை பனி எண்டு தேடினன். அதுக்குள்ளை ஒரு சின்னப் பெட்டியிலை என்ரை வயல் கிடக்கு."

"அண்டையிலையிருந்து நீர்…"

"பனிமலையிலைதான் வேலை. கெதியாய் ஓடுது. எல்லாத்தையும் அதிலை இருக்கிற உங்கடை நோர்வே வரிக்கணக்குப் போல்டருக்குள்ளை வைச்சிருக்கிறன். அதை நீங்கள் ஒருநாளும் திறக்கமாட்டியள். உங்களுக்கெண்டு ஒரு பிரதி வயலுக்குள்ளை போட்டுவிடுவன். வெறும் வயலை வைச்சுக்கொண்டு இறுகிப்போச்சு எண்டு கூப்பிட ஏலுமோ?"

"அப்ப ஏன் என்னைக் கூப்பிட்டனீர்?"

"சும்மா விட்டால் மோட்டரைக் கழட்டுவியள்."

அவள் திறப்புக் கோர்வையை ஆணியில் கொழுவிவிட்டுச் சொன்னாள். "அதோடை, இப்ப கூப்பிட்டால் வாறியள். முந்தி அப்பிடி இல்லை." குசினி வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னாள். "அழிச்சதை நீங்களாச் சொல்லுவியளோ எண்டு அந்தியேட்டி மட்டும் பாத்துக்கொண்டிருந்தனான்."

அதற்கு ஒரு பதில் இருந்தது. 'பேந்து' என்ற இருபது வருசப் பழைய பதில். இப்போது எடுத்தால் கையோடு உதிர்ந்துவிடும்போல இருந்ததால் அவர் எடுக்கவில்லை.

அடுத்தநாள் கணினியில் இருந்தபோது கடவுச்சொல் மாறியிருந்தது. அவளே வந்து, வாயை அசைக்காமல், தட்டிக் கொடுத்தாள். திரை விரிந்தது. பனிமலையும் இல்லை, வயலும் இல்லை. புதிதாக ஒரு கடல். மூலைப் பொத்தானை அமத்திச் சுருக்கிப் பார்த்தார். அவருக்கென்று அவள் உண்டாக்கிய அந்தச் சிரட்டைக் கணினிக்கு 'இவர்' என்று பெயர் வைத்திருந்தாள்.

"உதிலை நீங்கள் என்னவும் செய்யலாம்" என்றாள். "இறுகினால் கூப்பிடுங்கோ."

மத்தியானமே இறுகியது. கேதீஸ்வரன் நல்லாய் முயன்று பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமி, உள்நோக்கிக் குரல் கொடுத்தார்.

"பாலேஸ், இறுகிப்போச்சு."

குசினிக்குள்ளிருந்து பதில் வந்தது. "வேலையா நிக்கிறன். பேந்து வாறன்."