மூடுபனிக்குக் கட்டம் இல்லை

எனக்குக் கருத்துகள் அதிகம். இது ஒரு நோய் என்று ஒப்புக்கொள்ள நாற்பத்தெட்டு வயதாக வேண்டியிருந்தது. ஏற்காடு கடைத்தெருவில் மிளகும் காப்பித்தூளும் பொட்டலம் கட்டிக்கொண்டே ஒன்றிய அரசைத் தட்டிக் கேட்பவன், கவிதையும் எழுதுபவன் நான். (எதிரே இருப்பவர் பொட்டலத்துக்காகத்தான் நிற்கிறார் என்பது எனக்கு உறைப்பதில்லை.)

மூன்று வருடத்துக்கு முந்தைய மழைக்காலம். எஸ்டேட்டுகளில் வேலை இல்லை. கிளியூர்ப் பெண்களுக்கு நூறு நாள் வேலைதான் சோறு. அதிலும் ஒரு ஏற்பாடு: வேலை நடக்கும் இடத்திலேயே ஆட்களை நிற்கவைத்து, பதினொரு மணிக்குள் கைப்பேசியில் படம் எடுத்து ஏற்ற வேண்டும். படத்தில் முகம் இல்லையென்றால் அன்று வேலைக்கே வரவில்லை என்று அர்த்தம். உழைக்கும் கையை நம்பாமல் முகத்தை மட்டும் நம்புகிற அரசு! எனக்குத் தூக்கம் போயிற்று. ஒரு நாள் காலையில் கடையைச் சாத்திவிட்டுக் கிளியூருக்குக் கிளம்பிவிட்டேன்.

வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்த பதினான்கு பெண்கள் படத்துக்கு வரிசையாக நின்றிருந்தார்கள். படம் எடுக்கும் பொறுப்பிலிருந்த செல்வி கைப்பேசியைத் தூக்கிவிட்டாள். நான் குறுக்கே போய் நின்றேன்.

“ஒரே நிமிஷம்மா, ஒண்ணு பேசணும்.”

“பாய் பேசட்டும் கண்ணு, மணி பத்தரைதான ஆவுது,” என்றார் வரிசையில் மூத்தவரான பழனியம்மா. (அந்த நல்ல மனசுதான் கெடுத்தது.)

பேசினேன். வேலை சலுகையல்ல, உரிமை என்றேன். தில்லியில் உட்கார்ந்து இந்தச் செயலியைச் செய்தவர் மலையைப் பார்த்திருப்பாரா என்றேன். கை தட்டினார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கைதட்டலுக்குப் பிறகு நிறுத்திய கவிஞனை நான் கேள்விப்பட்டதில்லை. மண்வெட்டியை நிலா என்றேன், வியர்வையை ஆறு என்றேன். பள்ளத்தாக்கிலிருந்து என் முதுகுக்குப் பின்னால் ஏறி வந்துகொண்டிருந்ததை மட்டும் எதுவென்றும் சொல்லவில்லை, பார்த்தால்தானே சொல்வதற்கு!

“ஏனுங்க பாய்,” என்றாள் செல்வி. “பனி வந்துருச்சுங்க.”

திரும்பினேன். எதுவுமே தெரியவில்லை. அவள் எடுத்த படத்தில் வேட்டி காயப்போட்டதுபோல வெள்ளை. பதினான்கு பேரில் ஒரு மூக்குகூட இல்லை.

பத்து ஐம்பது.

“தார்ரோட்டுக்குப் போய் எடுக்கலாமே?”

“வேலை நடக்கற எடத்துலதானுங்க எடுக்கோணும். தள்ளிப் போனா அது ஏத்துக்காதுங்க.”

குடையை விரித்துப் பனியைத் தள்ளினேன். ஆமாம், சேர்வராயன் மலையின் பனியை, ஒரு குடையால்.

“பாய், இந்தப் பக்கம் கொஞ்சம் பாக்கி இருக்குதுங்க,” என்றது வெள்ளைக்குள்ளிருந்து ஒரு குரல். சிரிப்புக் கேட்டது, சிரித்தவர்கள் தெரியவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. ஐம்பத்தைந்து. ஐம்பத்தெட்டு. பதினொன்று.

பதினொன்றே காலுக்குப் பனி விலகியது. வெயிலில் பதினான்கு முகங்களும் பளிச்சென்று தெரிந்தன. பதினான்கும் என்னையே பார்த்தன.

“போச்சாது, போனாப் போவுது போங்க,” என்றார் பழனியம்மா. “வெட்டுன வாய்க்கா வெட்டுனதுதானுங்க. தண்ணி நம்ம மூஞ்சி பாத்தா போவப்போவுது?”

அன்று மதியமே மனுவோடு ஊராட்சி ஒன்றிய அலுவலகப் படியேறினேன். அங்கிருந்தவர் பாவம், திரையை மேலும் கீழும் தேடிவிட்டுச் சொன்னார்: “பனிக்குன்னு இதுல கட்டமே இல்லீங்களே.” போன நாள் போனதுதான், பதினான்கு பேருக்கும் அன்றைய கூலி இல்லை. காப்பித்தூள் பொட்டலங்களோடு மன்னிப்புக் கேட்கப் போனேன். பழனியம்மா வாங்கிக்கொண்டார். “இது காப்பிக்குங்க. போன நாளுக்கு ஆவாது.”

என் கருத்து மாறவில்லை. மலைக்குத் திட்டம் போடுகிறவர்கள் ஒரு காலையாவது இந்தப் பனியில் நிற்க வேண்டும். இதை வீட்டில் சற்று விரிவாகச் சொல்ல வாயெடுத்தால், மகள் ஜன்னல் வழியே வெளியே எட்டிப் பார்ப்பாள்.

“அத்தா, பனி ஏறறதுக்குள்ள முடிச்சிருங்க.”

எல்லோரும் சிரிப்பார்கள். நான் மட்டும் எழுந்துபோய் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்வேன்.