அஞ்சுகட்டையின் மஞ்சள் வெளிச்சம்

கடலாடிப் பக்கத்தில் பேட்டரி கட்டைகளின் வயதையும் குணத்தையும் பார்த்து வேலை கொடுத்த ஒரே மனிதர் அஞ்சுகட்டைதான். மிளகாய் விவசாயி. ஐந்து கட்டை போடும் நீள டார்ச் கக்கத்தில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. உச்சி வெயிலில் கல்யாணப் பந்திக்கும் அதோடுதான் வருவார்.

நான் டிப்ளமோ முடித்துவிட்டு, சித்தப்பாவின் எலக்ட்ரிக்கல் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டார்ச்சுக்கு எல்.இ.டி. பல்புகள் வரத் தொடங்கியிருந்த நேரம். கேட்டு வருபவர்களிடம் மூன்று கேள்விகள் வைத்திருந்தேன்: எத்தனை கட்டை, பல்பு திருகுவதா செருகுவதா, கட்டைகளை எப்போது மாற்றினீர்கள். மூன்றாவது கேள்விக்கு அஞ்சுகட்டை அரைமணி நேரம் பதில் சொன்னார்.

"முன்னாடி ரெண்டும் புதுசு தாயி. நடுவுல ரெண்டு பொங்கலுக்குப் போட்டது. கடைசியில கெடக்குறது கெழடு. வெயில்ல காயவச்சுப் போட்டுருக்கேன்."

"புதுசையும் பழசையும் கலக்கக் கூடாதுங்கய்யா."

"ஏன்? பழகுன மாட்டோட புது மாட்டைப் பூட்டுனாத்தான ஏர் ஒழுங்காப் போகும்?"

"கெழட்டு மாடு படுத்துக்கிட்டா?"

"அதான் படுத்துருச்சே!" என்றார், சிரிக்காமல்.

முந்தின வாரம் பொழுது சாய்ந்து தோட்டத்திலிருந்து திரும்பும்போது, கண்மாய்க்கரைத் திருப்பத்தில் டார்ச் அணைந்துவிட்டது. வாசலில் நின்ற அவர் மனைவிக்குக் கண் மங்கல். முகம் தெரியாது, அந்த வெளிச்சம்தான் தெரியும். அது மறைந்ததும் கணவர் கண்மாயில் விழுந்துவிட்டார் என்று அந்த அம்மா ஊரையே கூட்டிவிட்டார். இருபது பேர் தண்ணீரில் இறங்கித் தேட, தட்டுத்தடுமாறி வந்துசேர்ந்த அஞ்சுகட்டையும், யாரைத் தேடுகிறோம் என்று கேட்காமலே இறங்கித் தேடியிருக்கிறார்.

"வழியில சாகாத வெளிச்சம் வேணும் தாயி. இன்னொரு தடவ பதறுனா அவ தாங்கமாட்டா."

ஐந்து கட்டைக்கும் தாங்கும் எல்.இ.டி. பல்பையும் ஐந்து புதுக் கட்டைகளையும் போட்டுக் கொடுத்தேன். கிழட்டுக் கட்டையை மட்டும், "இத்தன நாளு ஒழைச்சது" என்று மடியில் முடிந்துகொண்டு போனார்.

மறுநாள் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றார்.

"என்னங்கய்யா, எரியலையா?"

"பகல் மாதிரி எரியுது. அவ கதவைப் பூட்டிட்டா."

"ஏன்?"

"எங்க வீட்டுக்காரரு லைட்டு மஞ்சளா வரும், நீங்க யாருங்கிறா. நான்தான்டின்னு கத்துறேன். எல்லாரும் நான்தான்னுதான் சொல்லுவாகங்கிறா."

அதற்குள் கடைக்கு வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"கதவைத் தெறந்து என் கையைத் தொட்டுப் பாத்துட்டு அழுதுட்டா தாயி. வேற யாரோ வாராக, அவுகளக் காணோமேன்னு நின்னுருக்கா."

என் மூன்று கேள்விகளில் இது இல்லை. சில்லறைக்குப் பதிலாக வந்து மேசையில் கிடந்த அன்னாசி மிட்டாயின் மஞ்சள் கண்ணாடித்தாளைப் பிரித்து, வட்டமாக வெட்டி, டார்ச்சின் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து மூடினேன். வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது. வயர் சுருள்கள் அடுக்கிய இருட்டு மூலையில் அடித்து, வெகுநேரம் பார்த்தார்.

"இப்பத்தான் நான் மாதிரி இருக்கு" என்றார்.

அடுத்த நாள் சந்தைக்குப் போகும் வழியில் கடை வாசலிலிருந்தே சத்தம் கொடுத்தார்: "வெளிச்சம் திருப்பத்துல வாரப்பவே உலை வச்சுட்டா தாயி!"

அந்தத் தாள் மாதம் ஒருமுறை வெளுத்துவிடும். அன்னாசி மிட்டாய் எனக்குப் பிடிக்காது. அந்தக் கடையில் இருந்தவரை, மாதம் ஒன்றாவது வாங்கித் தின்றேன்.