சம்பலுக்குக் காவல் நின்ற மாத்திரை

எங்க வீட்டுக்காரர் துஷாந்த் ஒரு சபதம் எடுத்தார். என்ன வந்தாலும் மிளகாய் இடிச்ச கட்டசம்பலை விடுறதில்லையாம். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எடுத்தார். அந்நேரம் ஏப்பத்தோட தொண்டை வரைக்கும் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

சம்பல் இடிக்கிறது அவரே. நான் இடிச்சா உறைப்பு பத்தாதாம். நாலு ரொட்டி, மிளகாய் சிவக்கச் சிவக்க சம்பல், மேலே பால் விடாம கறுப்பா ஒரு கோப்பை தேயிலைச் சாயத்தண்ணி. அது இறங்கினதும் எரிச்சலுக்கு ஒரு மாத்திரை.

ஒரு மாசத்துக்குத்தான் ஆஸ்பத்திரியில தந்தாங்க. முடிஞ்சதும் வந்து காட்டச் சொன்னாங்க. இவர் காட்டவே இல்லை. தலவாக்கலை டவுனுக்குப் போற நேரமெல்லாம் பாமசியில அதையே வாங்கி வந்துடுவார். எங்க மகள் நிலக்ஷியோட பிஸ்கட் டின்னுல பாதி பிஸ்கட், பாதி மாத்திரை.

"திரும்பக் காட்டணும்னு சொன்னாங்களேங்க."

"காட்டினா என்னா சொல்லுவாங்க? சம்பலை விடு, சாயத்தை விடுன்னுவாங்க. அதைக் கேக்கவா பஸ் ஏறிப் போறது?"

"அதுக்காக இப்படியே போட்டுக்கிட்டு இருக்கலாமா? எனக்குப் பயமா இருக்குங்க."

"புள்ள, இது மாத்திரை இல்ல, வாட்சர். நான் சம்பல் தின்னா இது உள்ள காவல் நிக்கும்."

"வாட்சர் தூங்கிட்டா?"

"இன்னொரு வாட்சரை அனுப்புவேன்."

இதுக்கு மேல எனக்குப் பேச வராது. நாலு பேர் முன்னால வாய் திறந்தாலே முகமெல்லாம் வேர்த்துடும். அவர் அப்படி இல்லை. தேயிலைத் தோட்டத்துல கொழுந்து நிறுக்கிறவர். பொம்பளைங்க மலையில இருந்து சுமந்து வந்து கொட்டக் கொட்ட, தராசுப் பக்கத்துல நின்னுக்கிட்டு கூடைக்கு இவ்வளவு, இலையில இருக்கிற தண்ணிக்கு இவ்வளவுன்னு எடையில கழிப்பார். வெயில் மண்டையைப் பிளக்கிற நாள்லயும் தண்ணிக்குக் கழிவு உண்டு. நான் கொழுந்தெடுக்கப் போன காலத்துல என் கொழுந்தையும் கழிச்சார்.

"கட்டின பொண்டாட்டிக்குமாங்க?" என்று அன்னைக்குக் கேட்டேன்.

"தராசுக்குப் பொண்டாட்டி தெரியாது" என்றார்.

பிள்ளையை நிறுத்துப் பார்க்கிற கிளினிக் நாள் வந்தது.

"மழைங்க. பிள்ளையோட இறக்கத்துல இறங்க பயமா இருக்கு" என்றேன். அவரே தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். பிள்ளை நல்லா எடை கூடியிருந்தாள். அவருக்கு ஒரே பெருமை. அந்த நேரம் பக்கத்து அறையில இருந்து ஒரு குரல்.

"துஷாந்த் யாரு? உள்ள வாங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவருக்கு நம்பர் எடுத்தது நான்தான். அதுக்குப் பேசவே தேவையில்லை. அவரோட பழைய மருந்துத் துண்டை நீட்டினால் போதும்.

டொக்டரம்மா துண்டைப் படிச்சார். "ஒரு மாசத்துக்குத் தந்ததை எவ்வளவு காலமாப் போடுறீங்க?"

"பிள்ளைக்குப் பல்லு முளைச்சதில இருந்துங்க."

"பிள்ளை இப்ப ஓடுதே."

அவர் பிள்ளையை இழுத்து மடியில வச்சுக்கிட்டார்.

"மாத்திரை கெட்டதில்ல" என்றார் டொக்டரம்மா. "சொன்ன காலத்துக்கு, சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால போட்டா பயமில்ல. காட்டாம நீங்களா வருசக்கணக்கா போட்டா சத்து குறையலாம். உள்ள புண்ணு மாதிரி வேற வருத்தம் இருந்தாலும் தெரியவிடாம மறைச்சிடும்."

வாட்சர் கள்ளனோட கூட்டு சேர்ந்துட்டான்னு நினைச்சுக்கிட்டேன்.

"அப்ப இன்னையோட நிப்பாட்டிடவாங்க?"

"சட்டுனு விட்டா எரிச்சல் கூடிக்கிட்டு வரும். மெதுவாத்தான் குறைக்கணும். சாப்பாடு எப்படி? உறைப்பு, சாயமெல்லாம்?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தராசுப் பக்கத்துக் குரல் வந்துருச்சு.

"சம்பலுங்களா? அந்தப் பக்கமே போறதில்ல. சாயம் தொடுறதில்ல. பொழுது சாயுறதுக்கு முன்னால சாப்பாடு. அதுவும் ரெண்டே ரெண்டு ரொட்டி."

டொக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "உண்மையாம்மா?"

எங்க வீட்டுக்காரர் முகம் வெளுத்துப் போச்சு. எனக்குத்தான் பேச வராதே. ஆமான்னு தலையை ஆட்டினேன்.

"ரொம்ப நல்லது. அப்ப மாத்திரையைக் குறைச்சுப் பாக்கலாம். சாப்பாட்டை இப்ப இருக்கிற மாதிரியே வச்சுக்கங்க. அப்படியும் எரிஞ்சா வாய் வழியா குழாய் விட்டுப் பாக்கணும்."

வர்ற வழி முழுக்க அவருக்குச் சிரிப்பு. "காட்டிக் குடுக்காம காப்பாத்திட்ட புள்ள. நீ தங்கம்."

வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினேன். வெளிச்சம் இருக்கும்போதே ரொட்டியும் பருப்புமா தட்டை வச்சேன்.

"என்னா இது, இந்நேரத்துல?"

"பொழுது சாயுறதுக்கு முன்னாலன்னு சொன்னீங்களேங்க."

"சரி, சம்பல் இடிக்கணும். உரல் எங்க?"

"பக்கத்து வீட்டு பெற்றீசியா அக்கா கேட்டாங்க. குடுத்துட்டேங்க. நீங்கதான் சம்பல் பக்கமே போறதில்லையே."

"அது டொக்டருக்குச் சொன்னது புள்ள."

"நானும் தலையை ஆட்டிட்டேங்க. இனி நீங்க தின்னா நான் பொய்க்காரி ஆயிடுவேன். குழாய் வேற விடுவாங்களாம்."

தொண்டையைத் தடவிக்கிட்டார். பருப்பைப் பார்த்தார். ரொட்டியைப் புரட்டிப் பார்த்தார்.

"ரெண்டு ரொட்டின்னுதானே சொன்னேன். ஒண்ணரைதான் இருக்கு?"

நான் தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னேன்.

"தண்ணிக்குக் கழிச்சேங்க."