வீட்டுக்கு ஓர் அகலப்பட்டை

திங்கட்கிழமை காலையில பல் விளக்கிக்கிட்டே நெட்டுக்காரர் ஒரு முடிவுக்கு வந்தாரு. வாய் நிறைய நுரை இருந்ததால சத்தமா சொல்ல முடியல. ஆனா பெரிய முடிவு. சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள, இந்தத் தெருவுல இருக்கிற நாப்பது வீட்டுல முப்பதையாவது உலகத்தோட இணைச்சே தீரணும்.

நெட்டுக்காரர்னதும் ஆள் நெட்டையா இருப்பாருன்னு நினைச்சுக்காதீங்க. அலமாரி மேல்தட்டுல இருக்கிற டப்பாவுக்கு ஸ்டூல் தேடுற உயரம்தான். இன்டர்நெட் கம்பெனியில வேலை. வீடு வீடாப் போய் பிராட்பேண்ட் போட்டுக்கச் சொல்லி ஆள் சேர்க்கணும். அதுல வந்த பேரு.

கம்பெனி ரெண்டு கண்டிஷன் போட்டிருந்தது. ஒண்ணு, முப்பது வீட்டுக் கையெழுத்து. இன்னொண்ணு, லைன் பிரிச்சுக் கொடுக்கிற பெட்டியை முனை வீட்டுச் சுவர்லதான் மாட்டணும், அந்த வீட்டுக்காரங்களும் கனெக்‌ஷன் வாங்கியிருக்கணும். ஒண்ணு தவறினாலும் மெயின் ரோட்டுல வர்ற கேபிள் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காம அடுத்த ஊருக்குப் போயிடும். நெட்டுக்காரரும் போயிடணும், மூணு பஸ் மாறிப் போற கிளைக்கு. மேனேஜர் இதைச் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. 

முனை வீடு யார் வீடு? நெட்டுக்காரர் வீடேதான். ஆனா அவர் பேர்ல இல்ல, சம்சாரம் பேர்ல.

அவங்க தையல்காரம்மா. முன் ரூம்ல மெஷின் போட்டு மொத்தத் தெருவுக்கும் தைக்கிறவங்க. கழுத்துல எப்பவும் அளவு டேப். புருஷனை நிமிர்ந்து பாத்தாங்கன்னா மேலருந்து கீழ அளந்துடுவாங்க. என்னிக்கு அளந்தாலும் மனுஷன் ரெண்டு இஞ்ச் குறைவாத்தான் வருவாரு.

நெட்டுக்காரருக்கு இது வெறும் வேலை இல்ல. பைத்தியம். சட்டைப் பையில ஒரு பென்சில் டப்பா வெச்சிருப்பாரு. உள்ள ஒரு முழத்துக்குக் கண்ணாடி இழை. தலைமுடி மாதிரி இருக்கும். ஒரு நுனியில டார்ச் அடிச்சா மறு நுனியில கடுகளவு வெளிச்சம் எட்டிப் பாக்கும். இந்தக் கடுகு வழியாத்தான் கடலுக்கு அந்தாண்ட இருக்கிறவன் குரலும் முகமும் வருதுங்கிறதை நினைச்சா, ஆறு வருஷமா அவருக்கு தினம் புல்லரிக்குது. கேக்குறவங்களுக்கு மட்டும் கொட்டாவி வருது.

அன்னிக்கு முதல் வீடு எதிர்வீட்டு போஸ்ட்மேன். ரிட்டயர் ஆனவரு. எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு.

"உங்க வீட்ல இருக்கா?"

"வரப்போகுது சார்."

"வந்ததும் சொல்லுங்க. நானும் யோசிக்கிறேன்."

அடுத்த வீடு குழாய் ரிப்பேர்காரர். அதே கேள்வி. அதுக்கடுத்து இஸ்திரிக்கார அக்கா. அவங்களுக்குப் பிறவியிலேயே காது கேக்காது, பேச்சும் வராது. ஆனா விரலால முனை வீட்டைக் காட்டி, புருவத்தைத் தூக்கி, அதே கேள்வியை எல்லாரையும்விடச் சத்தமாக் கேட்டாங்க.

மத்தியானம் வீட்டுக்கு வந்தவரு நேரா மெஷின் முன்னாடி போய் நின்னாரு.

"நூறு எம்.பி. வேகம்மா."

"வேகமா எங்க போறோம்?"

"நாம போறதில்ல. அதுவா வரும்."

"என்ன வரும்?"

"எல்லாம் வரும்."

"வெள்ளிக்கிழமையிலேருந்து கேட்டுக்கிட்டிருக்கேனே கறுப்பு நூல்கண்டு, அது வருமா?"

நெட்டுக்காரர் பையைத் தடவினாரு. பென்சில் டப்பா இருந்துச்சு. நூல்கண்டு இல்ல.

"எனக்கு என்னத்துக்குன்னு சொல்லுங்க, கையெழுத்து போடுறேன்"னு சொல்லிட்டு அவங்க காஜா எடுக்க உக்காந்துட்டாங்க. பட்டன் துளைக்கு ஓரம் கட்டுற வேலை, பேச்சு கொடுத்தா கை கோணிடும். கம்பெனி அச்சடிச்ச பன்னெண்டு நன்மைகளை நெட்டுக்காரர் வரிசையா படிச்சாரு. ஏழாவது நன்மையில மெஷின் சத்தம் ஜாஸ்தியாச்சு.

செவ்வாய்க்கிழமை ஹெட் ஆபீஸ்லேருந்து நோட்டீஸ் கட்டு வந்துச்சு. கூடவே விண்ணப்பக் கட்டும். நோட்டீஸ் எழுதினவரு தமிழ் மேல ரொம்பப் பாசம் வெச்சவரு போல. பிராட்பேண்டுங்கிற சொல்லே எங்கயும் இல்ல. நெட்டுக்காரர் படிச்சுப் பாக்கல. அடியில தன் வீட்டு விலாசத்தை ரப்பர் ஸ்டாம்ப்ல குத்தி நாப்பது வீட்டுக் கதவுக்கும் கீழ தள்ளிட்டு வந்தாரு.

புதன்கிழமை காலையில வாசல்ல ஏழு பொம்பளைங்க. ஆளுக்கொரு துணிப்பை.

நெட்டுக்காரருக்குக் கண் கலங்கிடுச்சு. உலகம் திருந்திடுச்சுன்னு ஓடிப் போய்க் கதவைத் திறந்தாரு. முதல்ல நின்ன குழாய்க்காரர் சம்சாரம் பையிலேருந்து ஒரு பாவாடையை எடுத்தாங்க.

"அகலப்பட்டை வெச்சுத் தர்றீங்களாமே. இதுக்கு இடுப்புல வெச்சுடுங்க."

அப்பத்தான் அவரு நோட்டீஸைப் படிச்சாரு. பிராட்பேண்ட் அதுல அகலப்பட்டையா மாறியிருந்துச்சு. 'வீட்டுக்கு ஓர் அகலப்பட்டை! குறுகிய பட்டையால் அவதியா? இன்றே மாறுங்கள்! குடும்பத்தினர் அனைவருக்கும் ஒன்றே போதும்! தொடர்புக்கு: முனை வீடு.'

"அந்த ஒண்ணே போதும்ங்கிறதுதான் நம்ப முடியல"ன்னு பின்னாலேருந்து ஒரு குரல். "எங்க மாமியாரைப் பாத்திருக்கீங்கல்ல?"

நெட்டுக்காரர் விளக்கம் சொல்ல வாயைத் திறக்கிறதுக்குள்ள தையல்காரம்மா நோட்டீஸை வாங்கி மேலருந்து கீழ ரெண்டு தடவை படிச்சாங்க. அப்புறம் புருஷனைப் பாத்தாங்க. அப்புறம் வெட்டுற மேஜைக்கு அடியில இருந்த விண்ணப்பக் கட்டைப் பாத்தாங்க. "எல்லாரும் உள்ள வாங்க. ஒவ்வொருத்தரா அளவெடுக்கிறேன்"னு கதவைச் சாத்திட்டாங்க. நெட்டுக்காரர் வெளிய நின்னாரு.

வெளிய நின்ன நேரத்துலதான் அந்தத் திட்டம் உதிச்சுது.

தையல்காரம்மாவுக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு துணிக்கும் அளவுச் சீட்டு எழுதி, தைச்சு முடிச்சதும் அடியில கையெழுத்து மாதிரி ஏதாவது கிறுக்கி வைப்பாங்க. எல்லாச் சீட்டையும் சேர்த்து வெச்சு, சாப்பாட்டுக்கு முன்னாடி கண்ணாடிகூடப் போடாம சரசரன்னு கிறுக்கித் தள்ளுவாங்க. அந்தக் கட்டுக்கு நடுவுல தன் வீட்டு விண்ணப்பத்தை, கையெழுத்துக் கோடு மட்டும் தெரியற மாதிரி மடிச்சுச் சொருகினாரு நெட்டுக்காரர். கதவிடுக்கு வழியா பாத்தாரு. சரசர, சரசர. நடுவுல அந்தத் தாளும் சரசர.

சமையலறைக்கு அவங்க போன நிமிஷம் தாளை உருவினாரு. எங்க திரும்பி வந்துடுவாங்களோன்னு பிரிச்சுக்கூடப் பாக்கல. கவர்ல போட்டு, எச்சில் தொட்டு ஒட்டி, பென்சில் டப்பாவுக்குப் பக்கத்துல நெஞ்சோட வெச்சுக்கிட்டாரு. சாப்பிடும்போது ரெண்டு தடவை தானா சிரிச்சாரு. "என்ன?"ன்னாங்க. "காரம்"னாரு.

வியாழனும் வெள்ளியும் தெருவையே சலிச்செடுத்தாரு. இப்ப நெஞ்சை நிமித்தி, எங்க வீட்ல போட்டாச்சுன்னு சொல்ல முடியுது. ஆனா கதவைத் திறந்த அத்தனை பேரும் ஒரே பதில்தான் சொன்னாங்க. "நாங்க ஏற்கெனவே உங்க வீட்ல கொடுத்தாச்சே."

பாவாடையைத்தான். நெட்டுக்காரர் தலையில அடிச்சுக்கிட்டாரு. போஸ்ட்மேன்கூட "நானும் கொடுத்தாச்சு"ன்னாரு. இந்த மனுஷன் என்னத்துக்குப் பட்டை வெக்கிறாருன்னு கேக்க நெட்டுக்காரருக்கு மனசு வரல. வீட்டுக்கு வந்தா மேஜைக்கு அடியில விண்ணப்பக் கட்டு பாதியா இளைச்சிருக்கு. ஒரு தாள் காலர் மாதிரியா வெட்டிக் கிடக்கு. சரி, மிச்சமும் சட்டைக் கையாப் போயிருக்கும். சண்டை போட்டா கவரைப் பத்தின பேச்சு வரும். வாயை மூடிக்கிட்டாரு.

சனிக்கிழமை நாலு மணிக்கு மேனேஜர் முன்னாடி போய் நின்னாரு. கையில ஒரே ஒரு கவரு. மூணு பஸ் மாறிப் போக மனசைத் தயார் பண்ணிக்கிட்டாரு.

மேனேஜர் கவரைப் பிரிச்சாரு. படிச்சாரு. கையெழுத்துக் கோட்டுல இருந்ததை மட்டும் வாய்விட்டுப் படிச்சாரு.

"'அளவு சரியில்லை. திரும்பக் கொண்டு வரவும்.' என்ன சார் இது?"

நெட்டுக்காரர் நின்ன இடத்துலயே இன்னும் ரெண்டு இஞ்ச் குறைஞ்சாரு.

"இது போகட்டும். உங்க தெருவுலேருந்து மத்தியானமே முப்பத்தொம்பது வந்தாச்சே. நீங்க அனுப்பித்தான் கழுத்துல டேப்போட அந்தம்மா வந்தாங்கன்னு நினைச்சேன்." மேனேஜர் ஒரு கட்டை நகர்த்தி வெச்சாரு. "உங்க வீடு ஒண்ணுதான் பாக்கி. பெட்டி மாட்டுற வீடு. அம்பது நிமிஷம் இருக்கு."

நெட்டுக்காரர் கட்டைப் புரட்டினாரு. விண்ணப்பத்துல 'எதற்காக'ன்னு ஒரு கட்டம் உண்டு. ஆறு வருஷமா அவரு எல்லா வீட்டுக்கும் அதுல ஒரே சொல்தான் எழுதியிருக்காரு. வேகம். இதுல காஜா மாதிரி நெருக்கி நெருக்கி எழுதின எழுத்து.

போஸ்ட்மேன்: 'நாப்பது வருஷம் எல்லாருக்கும் கடுதாசி கொடுத்தவர். இவருக்கு யாரும் போடுவதில்லை. பேத்தி முகம் பார்க்க.' குழாய்க்காரர்: 'புது மாடல் குழாய் பிரிக்கத் தெரியாமல் திரும்பி வருகிறார். வெளியே சொல்ல வெட்கம். பார்த்துக் கற்க.' இஸ்திரிக்கார அக்கா: 'தங்கையும் இவரைப் போலவே. வெளியூரில். இருவருக்கும் கையால்தான் பேச்சு. போன் கண்டுபிடித்து இத்தனை வருஷமாகியும் இவர்களுக்கு அதனால் ஒன்றுமில்லை. இதில் கை தெரியும்.'

நெட்டுக்காரர் அங்கயே உக்காந்துட்டாரு. முப்பத்தொம்பது வீடும் அவருக்குக் கதவு நம்பராத்தான் தெரியும். தையல்காரம்மா சுத்தளவு எடுக்கப் போயி இத்தனை ஆழம் பாத்திருக்காங்க. மேனேஜர்கூட அப்பச் சிரிக்கல.

ஓடி வந்தாரு. வாசப்படியில தையல்காரம்மா நின்னுக்கிட்டிருந்தாங்க.

"உள்ள வராதீங்க. மத்த வீட்டுல எப்படி நிப்பீங்களோ அப்படி நின்னு கேளுங்க."

"நூறு எம்.பி...."

"அளவு சரியில்ல."

மணி நாலரை. நெட்டுக்காரர் மூச்சு வாங்கினாரு. பன்னெண்டு நன்மையும் மறந்து போச்சு. அதனால வேற வழியில்லாம, கல்யாணமாகி முதல் தடவையா அந்தக் கேள்வியைக் கேட்டாரு.

"உனக்கு என்னம்மா வேணும்?"

தையல்காரம்மா டேப்பைக் கழுத்துலேருந்து எடுத்து விரல்ல சுத்திக்கிட்டாங்க. குரல் கொஞ்சம் இறங்கிடுச்சு. "கோட்டுக்குக் கை வெக்கிறேன் பாருங்க, இருபது வருஷமா தோள்ல ஒரு சுருக்கு விழுது. பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சுட்டேன். உலகத்துல யாரோ ஒருத்தர் சுருக்கில்லாம வெப்பாங்கள்ல. அவங்க முகம்கூட வேணாம். கை எப்படிப் போகுதுன்னு பாக்கணும்."

நெட்டுக்காரர் பென்சில் டப்பாவைத் திறந்து இழையோட ஒரு நுனியை அவங்க விரல்ல கொடுத்தாரு. மறு நுனியில டார்ச் அடிச்சாரு. விரல் நுனியில கடுகளவு வெளிச்சம்.

"இது வழியாவா வரும்?"

"இது வழியாத்தான்."

"என் ஊசியில கோத்துடலாம் போலிருக்கே. அறுந்தா எப்படி முடிச்சுப் போடுவாங்க?"

"முடிச்சே கிடையாது. நுனியை உருக்கி ஒட்டிடுவாங்க. ஒட்டின இடம் தெரியாது."

"தையலே தெரியாதா?"ன்னு கேட்டுட்டு அந்தப் பொட்டு வெளிச்சத்தையே உத்துப் பாத்தாங்க. அப்புறம் கண்ணாடியைப் போட்டு, ஒழுங்காக் கையெழுத்து போட்டுக் கொடுத்தாங்க. அஞ்சு மணிக்கு ரெண்டு நிமிஷம் இருக்கும்போது மேனேஜர் மேஜையில நாப்பதாவது தாள் விழுந்துச்சு.

அடுத்த வாரம் முனை வீட்டுச் சுவர்ல பெட்டி ஏறிச்சு. முதல் லைன் இஸ்திரிக்கார அக்காவுக்கு. தெருவே ஜன்னல்ல. திரையில தங்கச்சி முகம் வந்ததும் அக்கா கை ரெண்டு நிமிஷம் அந்தரத்துல நின்னுடுச்சு. அப்புறம் பேச ஆரம்பிச்சுது பாருங்க, பத்து விரலும் ஒரே நேரத்துல. சத்தமே இல்லாம அவ்வளவு பெரிய பேச்சை அந்தத் தெரு கேட்டதே இல்ல. போஸ்ட்மேன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. முனை வீட்டுல தையல்காரம்மா, எந்த நாட்டுக்காரரோ, ஒரு கிழவரோட கை கோட்டுத் தோளைச் சுத்திப் போறதை மூச்சு விடாமப் பாத்துக்கிட்டிருந்தாங்க. நெட்டுக்காரர் தெருவுக்கும் வீட்டுக்கும் மாறி மாறி ஓடி, ரெண்டு இடத்துலயும் புல்லரிச்சுப் போய் நின்னாரு.

மாத்தல் ரத்து. ஆனா மேனேஜர் ஆளைப் புரிஞ்சுக்கிட்டாரு. அடுத்த தெருவுக்குத் தையல்காரம்மாவையே பொறுப்பாப் போட்டாரு. நெட்டுக்காரருக்கு அவங்களுக்கு உதவியா நிக்கிற வேலை. விண்ணப்பக் கட்டு, பென்சில் டப்பா, கறுப்பு நூல்கண்டு எல்லாம் அவர் பையில.

முதல் வீட்டுல ஒரு அம்மா கதவைத் திறந்து, எல்லாத்தையும் கேட்டுட்டு, சந்தேகமாக் கேட்டாங்க. "உங்க வீட்ல இருக்கா?"

"இருக்கே"ன்னாங்க தையல்காரம்மா. அப்புறம் புருஷன் பக்கம் தலையைச் சாய்ச்சு, குரலைத் தாழ்த்தி, "இவரை வழிக்குக் கொண்டு வரத்தான் ஒரு வாரம் ஆச்சு."